உப்புக் கை

வெள்ளிக்கிழமை என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? சிலருக்குக் கோயில், சிலருக்கு எண்ணெய்க் குளியல், சிலருக்குப் புதுப்படம். நம் வயதுக்காரர்களில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வளர்ந்தவர்கள் இருந்தால் தோல் ஷாப்பு லீவு என்பீர்கள். எங்கள் ஊரில் தோல் தொழிற்சாலைக்கு ஷாப்பு என்றுதான் பெயர். அதற்கு ஞாயிறு அல்ல, வெள்ளிதான் விடுமுறை. எனக்கோ வெள்ளிக்கிழமை என்றால் பயம். முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த வயதிலும், வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வாசலில் ஒரு வண்டி நின்றால், இறங்குகிறவரின் கையைத்தான் என் கண் முதலில் தேடுகிறது. முகத்தை அப்புறம்தான் பார்ப்பேன்.

போன மாதம் என் மகள் பரணைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஏறி, நீளமாக ஒரு தோல் பெட்டியை இறக்கினாள்.

"இன்னாம்மா இது, வயலினா?"

"இல்லடி. துப்பாக்கிப் பெட்டி."

ஏணியிலேயே நின்றுவிட்டாள். "நம்ம வீட்ல ஏது துப்பாக்கி? தாத்தா இன்னா ரவுடியா?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்திய மனுஷன், ரவுடியாம். சிரித்துக்கொண்டேதான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே அந்த வாசனை அப்படியே இருந்தது. தோலும் தையல் மிஷின் எண்ணெயும் சேர்ந்த வாசனை. அதற்குமேல் சிரிக்க முடியவில்லை. அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்த மழைக்காலத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அப்பா ஷாப்பில் பினிஷிங் மாஸ்டர். பதப்படுத்தி வந்த தோலுக்கு நிறமும் மினுமினுப்பும் ஏற்றுகிற பிரிவு அவருடையது. அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் தியேட்டர் நர்ஸ். நான் ஒரே பெண். முதலாளி ஐந்து வேளையும் தொழுகிறவர். நல்ல மனிதர். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, இன்னும் தாழ்ந்துவிடும். அப்பாவுக்கு அதுதான் பயம். சத்தம் போடுகிற முதலாளியைச் சமாளித்துவிடலாம், சத்தம் போடாதவரைச் சமாளிக்க முடியாது என்பார்.

முதலாளியிடம் சீமையிலிருந்து வந்த இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அவருடைய தகப்பனார் வாங்கியது. அதன் பக்கத் தகட்டில் இரண்டு வாத்துகள் பறப்பதுபோலச் செதுக்கியிருக்கும், இறகுகூடத் தனித்தனியாகத் தெரியும். மரக்கட்டை தேன் நிறத்தில் வரி வரியாக ஓடும். அவ்வளவு அழகான பொருள் எங்கள் வீட்டில் வேறு எதுவும் இல்லை. இருந்தும் அது பீரோவுக்குள் இருக்கும்போது நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

அது எங்கள் வீட்டில் இருந்ததற்குக் காரணம் உண்டு. முதலாளிக்குக் குறி விழாது. அப்பாவுக்கு விழும், பறக்கிற கவுதாரியே தப்பாது. அதனால் லைசென்ஸில் அப்பாவின் பெயரையும் சேர்த்து எழுதி வாங்கியிருந்தார் முதலாளி. பேரப் பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று அவர் வீட்டம்மா சொல்லிவிட்டதால், வேட்டைப் பருவம் முழுக்க அது எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் இருந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்ததை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் ஜீப் கிளம்பும். முதலாளி, அப்பா, டிரைவர். ஏலகிரி அடிவாரத்தில் நிலக்கடலை பிடுங்கிய கொல்லைகளுக்குப் போவார்கள். அந்த நாளில் அதற்கு அனுமதி இருந்தது. இன்றைக்கு ஒரு கவுதாரியைச் சுட்டால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள், அது சரியும்தான்.

சுட்ட பறவை விழுந்ததும் டிரைவர் கத்தியோடு ஓட வேண்டும். உயிர் போவதற்குள் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் அது முதலாளி வீட்டுக்கு ஆகும். டிரைவருக்குத் தொப்பை. பாதிப் பறவைகள் அவர் போய்ச் சேருவதற்குள் செத்துவிடும். அவை எல்லாம் எங்களுக்கு. "நம்ம வயிறு நெறையறதே இவரு தொப்பையாலதான்" என்று அப்பா கிண்டல் செய்வார். கவுதாரி வறுவல் தின்னும்போது பல்லில் ஈயக்குண்டு கடிபடும். எடுத்துத் தட்டில் போட்டால் டங் என்று ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். அந்தச் சமாசாரம் முழுவதிலும் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

இப்போது கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷாப்புக்கு வரும் பச்சைத் தோல் உப்பில் புரண்டு வரும். பதப்படுத்தும்போது மறுபடியும் உப்பு, அமிலம். பினிஷிங்குக்கு வருமுன் வருஷக்கணக்காக அதிலேயே புழங்கிய அப்பாவின் கை எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும். அவர் துப்பாக்கிக் குழலைத் தொட்டு வைத்தால், மறுநாள் காலையில் தொட்ட இடத்தில் ஐந்து விரலும் செம்பழுப்பாகத் துருவேறி நிற்கும். ரேகைகூடத் தெரியும். "உப்புக் கை மாஸ்டர்" என்று முதலாளியே சிரிப்பார். அதனால் துடைக்கிற வேலை அம்மாவுடையது ஆயிற்று. அப்பா சுடுவார், அம்மா சுத்தம் செய்வாள்.

ஜீப் வந்து நின்றதும் அம்மா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொள்வாள். அப்பா துப்பாக்கியை மடக்கிக் காட்ட வேண்டும். இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று அம்மா தன் விரலை விட்டுப் பார்ப்பாள். அப்பா முன்பே பார்த்திருப்பார், டிரைவரும் பார்த்திருப்பார். "பாத்தாச்சு" என்பார் அப்பா. "நான் பாக்கல" என்பாள் அம்மா. ஒவ்வொரு வெள்ளியும் இதே பேச்சு.

பிறகு சாப்பாட்டு மேஜையில் பழைய பெட்ஷீட் விரித்து, துப்பாக்கியை மூன்றாகப் பிரித்து வைப்பார் அப்பா. ஆஸ்பத்திரியில் கிழிந்துபோய்த் தள்ளிவிட்ட ரப்பர் கையுறையை அம்மா போட்டுக்கொள்வாள். அடுப்பில் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும். குழலைப் பின்கட்டுக்கு எடுத்துப் போய் வாளியில் நிறுத்தி, புனல் வைத்துக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவாள். அந்தக் காலத்துத் தோட்டா மருந்து எரிந்தபின் ஒரு உப்பை விட்டுப் போகும், அதை எண்ணெய் எடுக்காது, வெந்நீர்தான் எடுக்கும் என்று மதராஸ் துப்பாக்கிக் கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊற்றிய சூட்டிலேயே குழல் காய்ந்துவிடும். அப்புறம் பித்தளை பிரஷ், மண்ணெண்ணெய், கம்பியின் நுனியில் சுற்றிய பஞ்சுத் துணி. துணி கறுப்பாக வரும், பிறகு சாம்பல் நிறம், பிறகு வெள்ளை. வெள்ளை வந்தபிறகும் அம்மா இன்னும் ஒரு துணி விடுவாள். கடைசியில் ஜன்னல் பக்கம் குழலைத் தூக்கிப் பிடித்து உள்ளே பார்ப்பாள். ஒரு தடவை என்னையும் பார்க்க விட்டாள். வெளிச்சம் வளையம் வளையமாக ஓடியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது கண்ணை வைக்கிற இடமில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அம்மாவுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று ஒரு நாள் தெரிந்தது. அடிவாரத்துக் கொல்லைக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தார்கள். பன்றிக்காக வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி. குழல் துருப்பிடித்து மெலிந்திருந்தது அவருக்குத் தெரியவில்லை. சுட்டபோது குழலே வெடித்துவிட்டது. அம்மாதான் தியேட்டரில் நின்றாள். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "இடது கையிங்க. தைக்கறதுக்கு அங்க இன்னா இருக்குது? டாக்டர் என்னப் பாக்கறாரு, நான் அவரப் பாக்கறேன்." நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது இருவருக்குமே நினைவில்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறாது. ஜன்னல் வழியாக ஏலகிரி தெரியும். அவ்வளவு தூரத்துச் சத்தம் கேட்காது என்று தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஜீப்பிலிருந்து அப்பா இறங்கியதும் ஓடிப் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வேன். பாசம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் விரல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம்தான் பெட்டி வந்தது. அதுவரை துப்பாக்கி ஒரு கம்பளித் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் கிடந்தது. பார்க்க ஒன்றும் இருக்காது. ஷாப்புக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு விருந்தாளி வரப்போகிறார், துப்பாக்கிப் பிரியர் என்று தெரிந்ததும் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டார். "மாஸ்டர், தோல் ஊர்ல இருந்துகிட்டு மரப்பெட்டியா? நம்ம பேர் இன்னா ஆவறது?" அவ்வளவுதான். அப்பாவுக்குச் சோறு தண்ணி வேண்டாமல் போயிற்று. வெளிப்பக்கத்துக்குக் கன்றுத் தோல், தரம் பிரிக்கிற செலக்ஷனில் தானே நின்று பொறுக்கினார். உள்பக்கத்துக்கு ஆட்டுத் தோலை வெல்வெட்டுபோல மெத்தென்று தேய்த்தெடுத்த ஸ்வேடு. குழலுக்கு ஒரு பள்ளம், கட்டைக்கு ஒரு பள்ளம், குழல் ஆடாமல் இருக்க நடுவில் அதே ஸ்வேடில் ஒரு வார். முடித்துக் கொண்டுவந்த அன்று அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். அப்பா பெட்டியை மூடித் திறந்து மூடிக் காட்டினார்.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "இந்தத் தோல்ல உப்பு இருக்காதா?"

"அலசினா போயிடும்" என்றார் அப்பா.

"உங்க கையில போகலியே."

"தோலப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?" அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

நம் ஆட்கள் தோலை நம்பியதுபோல யாரும் எதையும் நம்பியிருக்கமாட்டார்கள். குழந்தையைப் படுக்க வைக்கத் தோல், வேதாகமத்துக்கு உறை தோல், மூக்குக் கண்ணாடிக்குக் கூடு தோல். தோல் மூச்சு விடும், உள்ளே வைத்ததைக் கெடுக்காது என்பார்கள். துப்பாக்கியையும் நம்பித் தோலுக்குள் வைத்தார்கள். வேறு ஊர்க்காரனாக இருந்தால் கம்பளித் துணியிலேயே விட்டிருப்பான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் அபூர்வமாகத் தண்ணீர் ஓடியது. சுவரெல்லாம் ஈரம், உப்பு ஜாடியில் உப்பு கசிந்தது. இரண்டு வெள்ளி வேட்டை இல்லை. மூன்றாவது வெள்ளி மழை விட்டதும் முதலாளியே வீட்டுக்கு வந்தார். பெட்டியை மேஜையில் வைத்துத் திறந்தார்கள். குழலில் துரு. புள்ளி புள்ளியாக, அடிப்பக்கம் நெடுக.

முதலாளியின் குரல் தாழ்ந்தது. "மாஸ்டர், இது இன்னா?"

டிரைவர்தான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். "நர்ஸம்மா கொதிக்கிற தண்ணி ஊத்தறாங்க மொதலாளி. நானே பாத்துக்கீறேன்."

"இரும்புல தண்ணியா? யா அல்லாஹ்."

மதராஸ் கடைக்காரர் சொல்லித்தான் ஊற்றுகிறாள், வருஷக்கணக்காக ஊற்றுகிறாள், ஒரு பொட்டுத் துரு வந்ததில்லை என்று அப்பா சொல்லியிருக்கலாம். எனக்கே அது தெரியும். அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பெட்டியைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "சொல்லி வைக்கிறேன் மொதலாளி."

அம்மா உள்ளே போய்விட்டாள். தியேட்டரில் இருபது கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்து ஒரு கீறல் இல்லாமல் வைக்கிறவள். அவளுக்குச் சுத்தம் செய்யத் தெரியவில்லை என்று வீட்டு நடுவில் வைத்துச் சொல்லியாயிற்று. எனக்கு அன்று அப்பாவைப் பிடிக்கவில்லை. அப்படித்தான் இருந்தது, மறைப்பானேன்.

அந்த வெள்ளியும் அதே துப்பாக்கியோடுதான் போனார்கள். அம்மா வெந்நீரை நிறுத்திவிட்டாள், எண்ணெய் மட்டும் போட்டாள். மறு வாரம் பெட்டியைத் திறந்தபோது துரு ஜாஸ்தியாகியிருந்தது. தேய்த்து எடுத்தாள். அதற்கடுத்த வாரம் மறுபடியும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் இரும்பு கொஞ்சம் போகும் அல்லவா? அம்மா குழலின் விளிம்பை நகத்தால் தடவித் தடவிப் பார்ப்பாள். நாளுக்கு நாள் மெலிகிறது என்றே அவளுக்குத் தோன்றியது. எனக்கும் தோன்றியது. சாப்பாட்டில் இரண்டு பேருக்கும் மனம் செல்லவில்லை.

ஒரு மாலை அம்மா குழலைத் துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பெட்டியிலிருந்த வாரை எடுத்துக் குழலின்மேல் வைத்தாள். தோட்டா உட்காருகிற இடத்துக்குச் சற்று முன்னால், குழலைச் சுற்றி ஒரு பட்டையாகத் துரு. வாரின் அகலம் எவ்வளவோ அவ்வளவு அகலம். கோடு போட்டதுபோல.

"இன்னாங்க, இங்க வாங்க. இது தண்ணி இல்ல. உங்க கையும் இல்ல. வாரு."

அப்பா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "மழை நாளு. எந்த இரும்பும் துருப்பிடிக்கும்" என்றார்.

"அப்ப அந்தப் பட்டை?"

"தோல் கெடுக்காது."

"இதோட சுடாதீங்க. தோட்டா வெடிக்கிற எடம் அதுதான். நான் பாத்த கைய நீங்க பாக்கல."

"முதலாளி கூப்ட்டா இன்னான்னு சொல்றது? என் பொண்டாட்டி பயப்படறான்னா?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளி பெரிய வேட்டை. வெளிநாட்டு விருந்தாளியும் வருகிறார். அப்பா சுட்டுக் காட்ட வேண்டும். அந்த நாள் நெருங்க நெருங்க எனக்குக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. சர்ச்சில் எல்லோரும் பாலனுக்காகப் பாடிக்கொண்டிருக்க, நான் அப்பாவின் இடது கைக்காக மட்டும் ஜெபம் செய்தேன். வலது கையையும் சேர்த்துக்கொள்ளலாமா, பேராசை ஆகிவிடுமா என்றுகூட யோசித்தேன்.

அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட கத்தரிக்கோல் இரண்டைக் கொண்டுவந்தாள். இரண்டும் ஒரே மாதிரி. இரண்டையும் கொதிக்க வைத்து, துடைத்து, எண்ணெய் தடவினாள். ஒன்றைப் பெட்டியில் வாருக்கு அடியில் வைத்தாள். மற்றதைக் கம்பளித் துணியில் சுற்றி அதே பீரோவில் வைத்தாள். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பெரிய வேட்டைக்கு முந்தின மாலை அப்பா ஷாப்பிலிருந்து வந்து கை கால் கழுவியதும், அம்மா இரண்டு கத்தரிக்கோலையும் மேஜையில் அவர் முன்னால் வைத்தாள். துணியில் இருந்தது பளிச்சென்று இருந்தது. வாருக்கு அடியில் இருந்தது, வார் பட்ட இடத்தில் மட்டும், செங்கல் பொடி ஒட்டியதுபோல இருந்தது.

அப்பா அதை எடுக்கவில்லை. பெட்டியைத் திறந்தார். ஸ்வேடை விரலால் மேலும் கீழும் தடவினார். பிறகு குனிந்து, உள்தோலின் ஒரு மூலையைப் பிரித்து, நாக்கு நுனியை வைத்தார். ஷாப்பில் தோலில் உப்பு போயிற்றா என்று அவர் பார்க்கிற பழக்கம் அது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே சற்று இருந்தார். முகத்தில் என்ன சுவை தெரிந்தது என்று எனக்கு அந்த வயதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. தன் சொந்தப் பிள்ளை திருடிவிட்டான் என்று கேள்விப்பட்ட ஒரு தகப்பனின் முகத்தைப் பிற்பாடு ஒரு தடவை பார்த்தேன், அதே முகம்.

மறுநாள் ஜீப் வந்தது. முதலாளி முன்னால் உட்கார்ந்திருந்தார். விருந்தாளி பின்னால் வேறு காரில். அப்பா துப்பாக்கியைப் பழைய கம்பளித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். பெட்டி மேஜையிலேயே இருந்தது. நானும் அம்மாவும் ஜன்னலில் நின்றோம்.

"பெட்டி எங்க மாஸ்டர்?" என்றார் முதலாளி.

"மொதலாளி, கொழல் கெட்டுப் போச்சு. இதுல சுட வேணாம், யாருமே சுட வேணாம். மெட்ராஸ்ல காட்டிட்டு அப்பறம் பாக்கலாம்."

"நர்ஸம்மா ஊத்தின தண்ணிதானே?"

"அவ மேல ஒரு தப்பும் இல்ல." அப்பா நிறுத்தினார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை இறுகியது. இப்போது சொல்லிவிடுவார், தோல்தான் என்று சொல்லிவிடுவார் என்று நானும் மூச்சைப் பிடித்தேன். "என் கைதான் மொதலாளி. உப்புக் கை. தெரிஞ்சும் தொட்டுட்டேன். அன்னிக்கி சொல்லாம வுட்டுட்டேன்."

முதலாளி துணியைப் பிரித்துப் பார்த்தார். குரல் அடியோடு தாழ்ந்துவிட்டது. "என் தகப்பனார் பொருள் மாஸ்டர் இது. சரி. லைசென்ஸ்ல இருந்து பேர எடுத்துடறேன்." அவ்வளவுதான். ஜீப் போய்விட்டது. அப்பா கேட்டருகிலேயே நின்றார். அவர் பெட்டியைக் காப்பாற்றினாரா, அம்மாவைக் காப்பாற்றினாரா என்று எனக்குப் புரியவில்லை. விரல்கள் பத்தும் இருந்தன. எனக்கு அது போதுமாக இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள், அப்பா ஷாப்பில் இருந்தபோது டிரைவர் வந்தார். வெந்நீர் விஷயத்தில் வாயை விட்டது அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது போல. "நர்ஸம்மா, மெட்ராஸ்ல இருந்து துப்பாக்கி வந்துடுச்சு. கொழலுக்கு ஒண்ணும் ஆவலியாம். வெளிய மட்டும்தான் துரு, மேலோட்டமாம். தேச்சு கறுப்பு ஏத்திக் குடுத்துட்டாங்க. இன்னும் எத்தினி வருசம் வேணாலும் சுடலாமாம். மாஸ்டர் வீணா பேஜாரானாரு."

அம்மா அவ்வளவு நாள் நகத்தால் தடவிப் பார்த்து, மெலிகிறது மெலிகிறது என்று செத்துப் பிழைத்தது எல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. டிரைவரிடம் சொன்னாள்: "அவருகிட்ட இத சொல்லாதீங்கண்ணா. நல்லாருப்பீங்க." நான் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தாள்.

அதன்பின் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமைகள் நீளமாகிப் போயின. சைக்கிளைப் பிரித்து மேஜையில் பரப்பி ஒவ்வொரு செயின் கண்ணியாகத் துடைப்பார். கொல்லைப் பக்கம் கவுதாரி கத்தினால் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். மாஸ்டர் பயந்துவிட்டார் என்று ஷாப்பில் பேசினார்கள். அம்மா அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு அந்தச் சந்தோஷம் திரும்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை, பயம் விடவில்லை. பெட்டியில் குடை வைக்க ஆரம்பித்தோம். குடைக் கம்பியும் துருப்பிடித்தது.

அப்பா இறந்தது பல வருஷங்களுக்குப் பிறகு, ரிட்டயராகி, மூக்குக் கண்ணாடி தடித்து, பேரப்பிள்ளைகளெல்லாம் வந்தபின். நோய் நொடி இல்லாமல் போனார். ஹாலில் வைத்திருந்தோம். சவப்பெட்டிக்குப் பூ போட்டுக்கொண்டிருந்தபோது, முதலாளியை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள். கண் பார்வை அவருக்கு அறவே போய்விட்டிருந்தது. அம்மாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

"நல்ல மனுஷன் நர்ஸம்மா" என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது, இந்தத் தடவை கோபம் இல்லை. "எனக்கு ஒரே ஒரு வருத்தம். அப்பறம் ஒரு நாள்கூட அவரு என்கூட வேட்டைக்கு வரல. மெட்ராஸ்ல இருந்து துப்பாக்கி வந்த அன்னிக்கே ஷாப்புல கூப்ட்டு சொன்னேன். 'கொழல் சுத்தமா கீது மாஸ்டர், பேர எடுக்கல, வாங்க'ன்னேன். அதுக்கப்பறமும் எத்தினி தடவ கேட்டுக்கீறேன். 'என் கை சரியில்ல மொதலாளி, உப்புக் கை'ன்னுடுவாரு. 'வீட்ல அவ இப்பதான் வெள்ளிக்கிழமையில நிம்மதியா சாப்டறா'ன்னாரு ஒரு நாளு. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளோடு சேர்ந்து நானும் அத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்த சமாசாரம் அது. அப்பாவுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் சைக்கிள் செயினைத் துடைத்தார். தெரியாததுபோலவே இருந்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா எழுந்து அப்பாவிடம் போனாள். மார்பின்மேல் சேர்த்து வைத்திருந்த கைகளில் இடது கையைப் பிரித்து எடுத்தாள். முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். உள்ளங்கை, பிறகு கட்டைவிரல், ஒவ்வொரு விரலாக, இடுக்கு விடாமல். குழலுக்குத் துணி விடுகிற அதே நிதானம். துடைத்து முடித்தும் இன்னும் ஒரு தடவை துடைத்தாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்து, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இதுல எங்கடி உப்பு?"